ஹெப்சியின் முன்கையில் இரண்டு துளி

குத்தியாயிற்று, இனி கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஹெப்சியின் இடது கை என் மேஜைமேல் மல்லாந்து கிடக்கிறது, முழங்கைக்குக் கீழே நீலப் பேனாவால் நான் போட்ட இரண்டு வட்டம், ஒன்றில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மருந்து ஒரு துளி, மற்றதில் வெறும் உப்புநீர் ஒரு துளி, ஒவ்வொரு துளியின் நடுவிலும் ஊசி முனையால் லேசாக ஒரு குத்து. மருந்து வைத்த இடம் தடித்தால் அவளுக்குத் தடுப்பூசி போட முடியாது. தடுப்பூசி இல்லாவிட்டால் கானா நாட்டுக்குப் போக முடியாது, அக்ரா நகரத்தில் அந்தக் காய்ச்சலை ஆராய்ந்தவர்களின் கதையைப் பேச அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மேடை, மாலை விருந்து, எல்லாம். தடிக்காவிட்டால் போவாள், பேசுவாள், எழுந்து நின்று கைதட்டுவார்கள். நான் இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் இந்த அறையில் அடுத்த கப்பல்காரனுக்குச் சட்டைக் கையை ஏத்துப்பா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஆகவே நான் அந்தத் தோலைப் பார்க்கிறேன். என் பார்வையிலேயே அது தடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, கண் எடுத்தால் தடிக்காமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அவள் இன்னொரு கையால் செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். நகங்களை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறாள், சாயம் கிடையாது, வெள்ளி மோதிரம் ஒன்று. நரைத்த தலையைக் கறுப்பாக்காமல் விட்டிருக்கிறாள், அது அவளுக்கு நன்றாக இருக்கிறது. எனக்கு நரை வந்தபோது வீட்டில் அவர் சொன்னார், கொஞ்சம் பாத்துக்கோ, ஆஃபீஸ் போற பொம்பளை என்று. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை டை. பாரேன், கை தடிக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தவள் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்தேன். முதலில் யாரோ என்றுதான் நினைத்தேன், பிறகு அந்த நடை, ஒரு தோளை முன்னால் விட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிற மாதிரி ஒரு நடை, கூட்டமே இல்லாத இடத்திலும். தூத்துக்குடியிலிருந்து வந்த கப்பல் பையன்களும், முந்திரிக்கொட்டை வாங்க ஐவரி கோஸ்ட் போகிற பண்ருட்டிக்காரர் ஒருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குப்பியைக் கரைத்தால் பத்துப் பேருக்குப் போடலாம், கரைத்த பிறகு வெகுநேரம் வைக்க முடியாது, அதனால் ஆள் சேரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். ஹெப்சி வரிசையில் உட்கார்ந்தாள், அவளுக்கு நான் இங்கே இருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பாளா? லண்டனிலிருந்து திரும்பிச் சென்னைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கடற்கரைச் சாலையில் ஏதோ தனியார் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறாள், எனக்கு ஒரு போன் கிடையாது. எப்படித் தெரியும் என்று கேட்டால், எல்லாம் தெரியும், அவளைப் பற்றி எனக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை. லூர்து சிஸ்டர் உள்ளே வந்து, மேடம், அந்த நரைமுடிக்காரங்க ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்தவங்க, முழுப் பக்கம் போட்டிருந்தான், கொசு புஸ்தகம் எழுதினவங்க என்றாள். தெரியும் சிஸ்டர், என் ஃபிரண்டுதான் என்றேன். ஃபிரண்டா என்று அவள் கேட்டதில் ஒரு ஆச்சரியம் இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஹெப்சி உள்ளே வந்தாள், அடிப்பாவி மங்கை, நீயா, இங்கயா என்று கட்டிக்கொண்டாள், நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். இங்கயா என்ற அந்த வார்த்தை மட்டும் எனக்குள் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

மதுரையில் நாங்கள் இரண்டு பேரும் கொசு வளர்த்தோம். அப்படித்தான் ஹாஸ்டலில் சொல்வோம், வெளியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கொசு வளக்கிறோம். டாக்டருக்குப் படித்து முடித்து நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த ஆய்வுக்கூடத்தில் ஓர் அறை, எப்போதும் ஈரச் சூடு, வலைத்துணி போட்ட கூண்டுகளில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த கொசுக்கள், முட்டை இட ரத்தம் வேண்டும், ரத்தத்துக்கு நாங்கள்தான். கூண்டின் துணிக்குழாய் வழியாக அவள் ஒரு கை விடுவாள், நான் ஒரு கை விடுவேன், இரண்டு கையும் உள்ளே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், அவை குடிக்கும்வரை அசையக் கூடாது. அப்போதுதான் பேச்சு. அவள் நாசரேத்துக்காரி, அப்பா பள்ளிக்கூட வாத்தியார், பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் கதை சொன்னது நான். ஆய்வுக்கூட நூலகத்தில் யாரும் தொடாத பழைய சஞ்சிகைகளைச் சாப்பாட்டு நேரத்தில் நான் புரட்டுவேன், சாயந்தரம் கூண்டுக்கு முன்னால் அவளுக்குச் சொல்வேன். ஹவானாவில் ஃபின்லே என்று ஒரு டாக்டர், மஞ்சள் காய்ச்சலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கொசுதான் என்று 1881-லேயே சொன்னார், ஒருத்தரும் நம்பவில்லை, இருபது வருஷம் போல அவரைக் கொசுக்காரர் என்று கேலி பண்ணினார்கள். பிறகு அமெரிக்க ராணுவ டாக்டர்கள் வந்தார்கள், அவரிடமே கொசு முட்டை வாங்கிக்கொண்டு போனார்கள், கடிக்க விட்டுப் பார்த்தார்கள், லேசியர் என்கிற டாக்டர் அதிலேயே செத்தார், கரோல் என்கிறவர் சாகக் கிடந்து பிழைத்தார், கொசுதான் என்று நிரூபணமாயிற்று, புகழெல்லாம் அந்தக் குழுவின் தலைவர் ரீடுக்கு. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஹெப்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், கையில் கொசு குடித்துக்கொண்டிருக்கும். அந்த முட்டையைக் குடுத்தாரே அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டாள் ஒரு நாள். நான் என்ன சொன்னேன்? சந்தோஷமா இருந்திருக்கும், கடைசியில ஒருத்தன் கேட்டானேன்னு என்று சொன்னேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது, அப்படித்தான் பட்டது.

இப்போது வேறு மாதிரிப் படுகிறது. ஒரே ஒரு உதவித்தொகை வந்தது, லண்டனுக்கு, கொசுவைப் பற்றி மேற்படிப்பு, கூடத்திலிருந்து ஒரு ஆள். இரண்டு பேரில் யார் என்று எங்களையே முடிவு பண்ணச் சொன்னார்கள். நீ போடி, எனக்குக் கல்யாணம் பேசியாச்சு என்றேன். பேசியிருந்தது உண்மை, முடிவாகவில்லை, அதுவும் உண்மை. ராத்திரி படுத்தால் விமானம் கடலுக்கு மேல் பறக்கிற மாதிரிக் கனவு வரும், கீழே கறுப்பாக ஒன்றுமே இல்லாமல், எழுந்து தண்ணீர் குடிப்பேன். பயந்துதான் விட்டேனோ? விட்டுக்கொடுத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்குள் சொல்லிவந்திருக்கிறேன், அந்த வார்த்தை வாயில் இனிப்பாக இருந்தது. அவள் போனாள், கொசுவை இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டாள், கொசுவைத் தேடினவர்களின் சரித்திரத்துக்கு மாறிவிட்டாள், நான் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினதை அவள் சம்பளத்தோடு புரட்டினாள். புத்தகம் வந்தபோது அண்ணா சாலையில் ஒரு கடையில் நின்றுகொண்டே படித்தேன், வாங்கவில்லை. நன்றி சொல்கிற பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். நீளமாக, லண்டனில் இருக்கிறவர்கள், நூலகத்துக்காரர்கள், யாரோ ஒருவரின் நாய்கூட, கடைசியில் மதுரை நண்பர்களுக்கு என்று ஒரு வரி. நண்பர்கள். மதுரையில் அவளுக்கு என்னை விட்டால் வாட்ச்மேனைத் தெரியும். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், என் பெயர் எழுத்துக்குள் எங்காவது ஒளிந்திருக்கிற மாதிரி. பிறகு பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று முழுதும் என்னை ஃபின்லேயாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், இட்லி மாவு கரைக்கும்போதுகூட. ஆனால் அந்த மனுஷர் இருபது வருஷம் விடாமல் கொசுவைக் கட்டிக்கொண்டு அழுதார், யார் சிரித்தாலும். நான் என்ன பண்ணினேன், மெடிக்கல் ஆபீசர் வேலை வந்தது, சேர்ந்தேன். என்னை யாரும் கேலிகூடப் பண்ணவில்லை. கேலி பண்ணுகிற அளவுக்கு நான் எதையும் சொல்லவில்லை.

தடித்திருக்கிறதா? இல்லை. உப்புநீர் வைத்த இடத்தில் குத்தின புள்ளி தெரிகிறது, மருந்து வைத்த இடத்திலும் அதே புள்ளி. கொஞ்சம் சிவப்போ? ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் சிவப்பு. அரிக்குதா என்று கேட்டேன். இல்லையே என்றாள், போனிலிருந்து கண் எடுக்காமல். என் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் தட்டு, அதில் மூச்சு அடைத்தால் உடனே போட அட்ரினலின் ஏற்றி வைத்த சிரிஞ்ச், லூர்து சிஸ்டர் கதவருகே நிற்கிறாள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

குப்பி கரைத்து மற்றவர்களுக்கெல்லாம் போட்டு முடிக்கிறவரை நான் முடிவெடுக்கவில்லை. ஹெப்சி பூர்த்தி பண்ணிக் கொடுத்த படிவம் மேஜையில் இருந்தது. முட்டை சாப்பிட்டு ஒவ்வாமை வந்ததுண்டா என்ற இடத்தில் இல்லை என்று டிக் அடித்திருந்தாள். இந்தத் தடுப்பூசியைக் கோழி முட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள், முட்டை ஆகாதவர்களுக்கு இது மூச்சை அடைத்துவிடலாம், அதனால்தான் அந்தக் கேள்வி. அந்த டிக்கைப் பார்த்ததும் எனக்கு மதுரை ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. அவள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள், உடம்பு தேறட்டும் என்று சமையல்கார அக்கா பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்தாள், அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, பேச்சு குழறி, நான்தான் ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன், வழியெல்லாம் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவள் அதை நம்பிவிட்டாள். நானும் அப்போது நம்பினேன், பிறகு டாக்டராக வயது ஏற ஏற நம்பவில்லை, மாத்திரையை அவள் அதற்கு முன்னால் மூன்று நாள் சாப்பிட்டிருந்தாள். யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்? அவளுக்கே இல்லை. எனக்கு இருக்கிறது, அவள் அன்று போட்டிருந்த பச்சை நைட்டி உட்பட. அவளை நினைக்காமல் என்னால் ஒரு வாரம்கூட இருக்க முடிந்ததில்லை. பாசத்தால் இல்லை. சரி, முழுக்கப் பாசத்தால் இல்லை.

பண்ருட்டிக்காரருக்கு ஊசி போடும்போது என் கை வேலை செய்துகொண்டிருந்தது, மண்டை இதையே சுற்றிக்கொண்டிருந்தது. சொன்னால் அவள் பயணம் நின்றுபோகும். தடுப்பூசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும், இன்றைக்கு விட்டால் அவளுடைய விமானத்துக்குள் அடங்காது. நின்றுபோகும் என்று நினைத்ததும் உள்ளே ஒன்று சந்தோஷமாக எழுந்து நின்றது, நான் அதைப் பார்த்தேன், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பார்க்கிற மாதிரி. இவ்வளவு சந்தோஷம் வருகிறதென்றால் அந்த முட்டை நினைவே நானாகக் கட்டிக்கொண்டதோ? சரி, சொல்ல வேண்டாம், படிவத்தில் அவளே இல்லை என்று எழுதியிருக்கிறாள், கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பேசாமல் போட்டுவிடு, பொறாமைக்காரி என்ற பெயர் வராது. அப்போது இன்னொன்று எழுந்து நின்றது, அது சிரிக்கவில்லை, சும்மா நின்றது. போட்டு, ஏதாவது ஆனால்? உன் மேல் குற்றமில்லை, கையெழுத்து அவளுடையது. பண்ருட்டிக்காரர், என்னம்மா, பஞ்சை அழுத்திக்கிட்டே இருக்கீங்க என்றார். நான் கையை எடுத்தேன். அரை மணி நேரம் வெளியில் உட்கார்ந்துவிட்டுப் போங்க என்று சொன்னேன், என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு ஹெப்சி உட்கார்ந்து கையை நீட்டினாள். ஹெப்சி, நீ முட்டை சாப்பிடறியா என்று கேட்டேன். கேக் சாப்பிடறேனே என்றாள். கேக் இல்லடி, முட்டை, ஆம்லெட், அவிச்சது? யோசித்தாள். இல்ல, வாசனையே ஆகாது, ஏன்? ஹாஸ்டலில் நடந்ததைச் சொன்னேன். அது மாத்திரைடி, டாக்டரே சொன்னாரே என்றாள். வெந்த முட்டை வேற, இது வேற, கையில ஒரு துளி வச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன், அலர்ஜி மாத்திரை ஏதாவது போட்டிருக்கியா என்றேன். இல்லை என்றாள், முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நானே பார்க்க வேண்டும் என்று இருந்தது.

இப்போது அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். மங்கை. ம். ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே. கேளு. இதுல வேற ஏதாவது இருக்கா? லூர்து சிஸ்டர் சட்டென்று திரும்பி அலமாரியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். வேற என்ன என்று கேட்டிருக்கலாம், ஒரு டாக்டர் அப்படித்தான் கேட்பாள், புருவத்தைத் தூக்கி. ஆனால் நான் சொன்னது வேறு. இருக்கு, ஆனா உன் உதடு வீங்கினதும் நிஜம். வெளியில் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னால் வருகிற பீப் பீப். ஹெப்சி கையை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம், கையை அப்படியே விட்டு வைத்திருந்தாள். புஸ்தகத்துல உன் பேரைப் போடல, அதுதானே என்றாள். அதுவும் என்றேன். ஒவ்வொரு கதையும் யார் சொன்னதுன்னு எனக்கு நிச்சயமா ஞாபகம் இல்லடி, நீ பாதி, நான் பாதின்னு இருந்துச்சு, பேரைப் போட்டா எதுக்குப் போடறதுன்னு தெரியல, அப்படியே விட்டுட்டேன், சரியில்லதான் என்றாள். அசிபி கதையை நான்தான் சொன்னேன் என்றேன். என் குரல் சின்னப் பிள்ளை மிட்டாய்க்குச் சண்டை போடுகிற மாதிரி இருந்தது, ஐம்பத்திரண்டு வயதில். அசிபியா, என்றாள், அதுக்கு நீ அழுதே, அது ஞாபகம் இருக்கு.

அழுதேனா? அது எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அழுதது எங்கே போயிற்று? அசிபி கானாக்காரர், அப்போது அதற்குக் கோல்ட் கோஸ்ட் என்று பெயர். 1927-ல் காய்ச்சலாகக் கிடந்தபோது டாக்டர்கள் வந்து அவர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், அதை ஒரு குரங்குக்கு ஏற்றினார்கள், நம் நாட்டு இனக் குரங்கு, அது செத்தது, அவர் பிழைத்துக்கொண்டார். அந்த ரத்தத்தில் இருந்த கிருமியைத்தான் பிறகு வருஷக்கணக்கில் கோழிக்கருவில் வளர்த்து வளர்த்துச் சாதுவாக்கித் தடுப்பூசி ஆக்கினார்கள், நோபல் பரிசுகூட அதற்கு வந்தது. இந்தக் குப்பியில் இருப்பதும் அந்த வழியில் வந்ததுதான், தினமும் நான் போடுகிற ஒவ்வொன்றும். கப்பல்காரன் கையில், முந்திரி வியாபாரி கையில். அந்த மனுஷருக்கு இது தெரியுமா, யாராவது போய்ச் சொன்னார்களா? அதற்குத்தான் அழுதேனோ. இருபத்தேழு வயதில் ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்காக அழுத ஒரு பெண் இருந்திருக்கிறாள், அவளை ஹெப்சி பத்திரமாக வைத்திருக்கிறாள், நான் தொலைத்துவிட்டேன். அதற்கும் பொறாமையாக இருந்தது. என்னை என்னைவிட அவள் நன்றாக வைத்திருக்கிறாள் என்று.

அரிக்குது, என்றாள் ஹெப்சி.

குனிந்தேன். மருந்து வைத்த வட்டத்துக்குள் தோல் வெளுத்து எழும்பியிருந்தது, முதலில் மிளகு அளவு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் ஒழுங்கில்லாமல் பரவி, சுற்றிலும் சிவந்து, நீலக் கோட்டைத் தொட்டது. உப்புநீர் வட்டம் அப்படியே சும்மா இருந்தது. நான் சொன்னது சரி. இருபத்தைந்து வருஷத்தில் அவள் முன்னால் நான் சொன்ன ஒன்று சரியாக இருக்கிறது, அவள் தோலே சாட்சி, அந்தச் சந்தோஷம் உச்சந்தலைவரை ஏறியது, அதே நேரம் கை தானாகப் போய் அவள் நாடியைப் பிடித்திருந்தது. மூச்சு வாங்குதா, தொண்டை இறுக்குதா, நாக்கை நீட்டு. இல்ல, இல்ல, அரிப்பு மட்டும்தான். துளியைத் துடைத்தேன், மாத்திரை கொடுத்தேன், லூர்து சிஸ்டர் பிரஷர் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு துளிக்கு இப்படி. முழு ஊசியையும் போட்டிருந்தால், பேசாமல், படிவத்தில் கையெழுத்து இருக்கிறது என்று? இந்நேரம் நான் மேஜையில் இல்லை, தரையில் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டிருப்பேன். ஸ்கேலை எடுத்துத் தடிப்பை அளந்தேன், அளந்ததைச் சொன்னேன், அவள் தலையாட்டினாள்.

அப்போ முடியாதா, என்றாள். முடியாது. லெட்டர் எழுதித் தர முடியாதா, உடம்புக்கு ஆகாதுன்னு? எழுதித் தரலாம், உள்ளகூட விட்டுருவான், ஆனா அந்த ஊர்ல காய்ச்சல் இருக்கு ஹெப்சி, கொசு லெட்டரைப் படிக்காது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ள ஒரு வழி இருப்பதையும் சொன்னேன், மறைக்கவில்லை, என்ன ஆகலாம் என்பதையும் சொன்னேன். உன் தங்கச்சியா இருந்தா என்ன சொல்வே என்று கேட்டாள். போகாதேன்னு சொல்வேன். சரி, என்றாள். தடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏதோ அவள் கையே இல்லாத மாதிரி. நான் செத்திருப்பேனா? தெரியல, என்றேன், சாகவிட்டிருக்க மாட்டேன். குப்பியில் மிச்சமிருந்ததை லூர்து சிஸ்டர் எடுத்துக்கொண்டு போனாள். வெளியில் பண்ருட்டிக்காரர் அரை மணி ஆயிடுச்சா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹெப்சி அங்கேயே உட்கார்ந்து அக்ராவுக்குப் போன் போட்டாள். இங்கிலீஷில் பேசினாள், அந்தக் குரல் வேறு, வழுவழுவென்று. வர முடியவில்லை என்றாள், காரணத்தைச் சொன்னாள், இங்கிருந்தே வீடியோவில் பேசட்டுமா என்று கேட்டாள். அதுதான் நடக்கும் என்று நினைத்தேன், இவளை எதுவும் நிறுத்தாது, இதே அறையில் உட்கார்ந்தேகூடப் பேசிவிடுவாள், நான் லைட் சரிபண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் வெகுநேரம் பேசினார்கள். இவள் ஓ என்றாள், ஆமாம் என்றாள், நிச்சயமாக, இன்னும் பொருத்தம் என்றாள், கடைசியில் ரொம்ப சந்தோஷம் என்றாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் கறுப்புத் திரையையே பார்த்தாள். என்ன சொன்னாங்க? வீடியோ வேண்டாமாம், நேர்ல இருக்கிற ஆளே பேசட்டும்னு சொல்றாங்க, எசினம்னு ஒரு பொண்ணு, அந்த ஊர்க்காரிதான், அசிபி ஊர்ப் பக்கம், நேர்ல போய்ப் பெரியவங்ககிட்டல்லாம் கேட்டு வச்சிருக்காளாம், நான் பேச வேண்டிய கூட்டத்துல அவ பேசறா. யாரு, உன் ஸ்டூடண்டா? ஒரு வருஷம் என்கிட்டப் படிச்சா, நான்தான் அவளுக்கு இந்த விஷயத்தையே எடுத்துக் கொடுத்தேன். நல்ல பொண்ணு. முப்பது வயசுகூட ஆகல. நல்லாப் பேசுவா.

நல்லாப் பேசுவா. உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை, கடைசி எழுத்து கொஞ்சம் இழுபட்டுக் கீழே விழுந்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பார்த்துவிட்டு அவர் உன் ஃபிரண்டுதானே என்று கேட்டபோது, ஆமா, நல்லா எழுதுவா என்று நான் சொன்னேனே, அதே இழுப்பு, உள்ளே ஒன்று கடிப்பதை வெளியே காட்டாமல் கையை ஆடாமல் வைத்துக்கொள்கிற முயற்சி. அவள் நிமிர்ந்தாள், அந்த இழுப்பு என் காதில் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். பிறகு அவள், ரொம்ப அசிங்கமா இருக்குல்ல இது, என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. அசிங்கம்தான், என்றேன். எப்படிப் போகும்? போகாது, என்றேன். அவள் சிரித்தாள், இந்தத் தடவை வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி, கதவுக்கு வெளியே பண்ருட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். நான் எழுந்து சேலையைச் சரிபண்ணிக்கொண்டேன், மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸில் இருப்பது இரண்டு பேருக்குப் போதாது, மாத்திரை போட்டிருக்கிறாள், தனியாக அனுப்பக் கூடாது, தெரு முனையில் ஒரு மெஸ் இருக்கிறது, மீன் குழம்பு நன்றாக இருக்கும், மீன் அவளுக்கு ஒன்றும் பண்ணாது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கையைச் சொறியாதே, என்றேன். ரொம்ப அரிக்குதுடி, என்றாள். தெரியும், என்றேன், வா.